ஜி.என்.எம். படித்தாலும் பதிவு பெற்ற செவிலியர்தான்

பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் மட்டுமே பதிவு பெற்ற செவிலியர் ஆக முடியும், ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேறு செவிலியம்) டிப்ளமோ படித்தவர்கள் உதவியாளர்கள்தான் என்று இணையத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். தவறாக நினைக்க வேண்டாம், அது சரியில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் 3 ஆண்டு ஜி.என்.எம். முடித்தவரும் மாநில நர்சிங் கவுன்சிலில் 'ஆர்.என். அண்ட் ஆர்.எம்.' (பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மகப்பேறு செவிலியர்) என்றே பதிவு செய்கிறார். 4 ஆண்டு பி.எஸ்சி. முடித்தவருக்கும் அதே பதிவுதான். ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மகப்பேறு உதவியாளர்) வேறு படிப்பு, அதற்குத் தனிப் பதிவு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். பெயர்கள் காதில் ஒரே மாதிரிதானே விழுகின்றன!

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் படிப்புகள் பற்றிய பக்கத்தில் ஜி.என்.எம். பகுதியைத் திறந்தால் பதிவு விவரம் இருக்கும். தமிழ்நாட்டில் என்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் பணி அறிவிக்கை ஒன்றை எடுத்து, கல்வித் தகுதிப் பத்தியை மட்டும் படியுங்கள். டிப்ளமோவும் பட்டமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கூடவே, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.