ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்ற வைத்தார்கள்

விளம்பரதாரர் பணம் இல்லாமல் உலகக் கோப்பை கால்பந்தை நடத்த முடியாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, பணம் வேண்டும்தான். அதற்காக எவ்வளவு தூரம் வளைந்து கொடுப்பது? ரசிகர்களுக்குள் அடிதடி பெருகியதால் பிரேசில் 2003 முதலே மைதானங்களில் மதுவைத் தடை செய்திருந்தது. அங்கே நடந்த 2014 உலகக் கோப்பைக்கு பட்வைசர் பீர் ஒரு விளம்பரதாரர். போட்டியை நடத்தும் சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா விடாப்பிடியாக நின்று, 2012-இல் தனிச் சட்டமே போட வைத்து பீர் விற்க வழி செய்துகொண்டது. எனக்கு ஆறவே இல்லை. அப்புறம் பிரேசிலின் சால்வடோர் நகரம். மைதானத்தில் அக்கராஜே (காராமணி மாவை எண்ணெயில் பொரிக்கும் பலகாரம்) விற்றுவந்த பெண்களை ஒதுக்கப் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் போராடித்தான் இடம் பெற்றார்கள். உள்ளூர்ச் சட்டத்திலும் சிறு வியாபாரிகளின் பிழைப்பிலும் கை வைக்கக் கூடாது என்று, போட்டியை நடத்தும் நாடு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.