ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமாம்!

"ஒரு மணி நேரம் விடுங்கள் அக்கா, காய்ந்துவிடும். அப்புறம் தண்ணீரை ஊற்றி மீனை விட்டுவிடலாம்."

மீன் தொட்டி ஒழுகி ஆள் தேடியவர்கள் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும். ஒரு மணி நேரமாம்! தொட்டியின் கண்ணாடிகளை ஒட்டி மூலைகளை அடைக்கிற சிலிக்கான் பசை என்பது காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும் பொருள். மேலே ஆடை கட்டச் சில நிமிடங்கள் போதும். உள்ளே இறுகுவது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அந்தப் புளித்த காடி நெடி அடிக்கிறவரை அது இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதையெல்லாம் டியூபின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறார்கள். படிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

வந்தவர் தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். பிறகு, "எங்கே அக்கா ஒழுகுகிறது?" என்றார். கேட்டபோது அவர் நின்றுகொண்டிருந்ததே அந்தத் தண்ணீரில்தான். காட்டினேன். "ஓ, இதுவா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். வீட்டில் தண்ணீர் ஓடும்போது சிரிப்பையெல்லாம் யார் ஆராய்ச்சி செய்வார்கள்?

தொட்டியில் பாதித் தண்ணீர் அப்படியே நிற்கிறது. பையிலிருந்து சிலிக்கான் பிதுக்கும் துப்பாக்கியை எடுத்து, ஈரக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், பழைய சிலிக்கான் மேலேயே, பிறந்தநாள் கேக்குக்குக் கிரீம் வைப்பது போல நெளிநெளியாக இழுத்துக்கொண்டே போகிறார். சுரண்டவில்லை. துடைக்கவில்லை. பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது என்று சொன்னேன். "இது நல்ல கம்பெனி, ஒட்டும்" என்றார். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரம்பினால் கிட்டத்தட்ட 190 லிட்டர். அத்தனை தண்ணீரும் வெளிப்பக்கம்தானே தள்ளும்? உள்ளே பூசினால் தண்ணீரே அதைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். வெளியே பூசினால் தண்ணீரே உரித்துப் போட்டுவிடும். இதையும் சொன்னேன். பாவம் பிள்ளை, வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று பார்ப்பது போலப் பார்த்தார்.

டியூபை வாங்கிப் பார்த்தால், குளியலறை ஓடுகளுக்கு இடையில் அடைக்கிற சரக்கு. பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்தது. மீன் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கிறது. காட்டினேன்.

"பூஞ்சைக்குத்தானே அக்கா விஷம்? மீனுக்கு இல்லையே."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

இதோடு விட்டாரா? தங்கமீன்களை வீட்டுத் தண்ணீர் டிரம்மில், தொட்டியின் பழைய தண்ணீரிலேயே விட்டு, வலைமூடி போட்டு, ஃபில்டரையும் ஏர் பம்பையும் அங்கேயே ஓட விட்டிருந்தேன். தங்கமீன் கழிக்கிற கழிவு கொஞ்சமா? அதிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கிற பாக்டீரியா அந்த ஃபில்டரின் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. அது வளர வாரக்கணக்கில் ஆகும். கைபேசியில் பேசிவிட்டுத் திரும்புகிறேன், மனிதர் ஸ்பாஞ்சைக் கழற்றிக் குழாயடியில் பிழிந்துகொண்டிருக்கிறார். அந்தப் பாக்டீரியாவைக் கொல்கிற, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர்! "ரொம்ப அழுக்காக இருந்தது அக்கா, நானே கழுவிவிட்டேன். இதற்குக் காசு வேண்டாம்." காசு வேண்டாமாம்! கேட்காத வேலைக்கு எத்தனை பெரிய மனது!

அப்புறம் என்ன? தீனியை நிறுத்தி, தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுக் குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றி, மீன்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியைக் காலி செய்து, உள்மூலைகளில் இருந்த சிலிக்கான் முழுவதையும் பிளேடால் சுரண்டி, ஆல்கஹால் வைத்துத் துடைத்து, மீன் தொட்டிக்கென்றே விற்கிற சிலிக்கானை நானே பூசினேன். கொளத்தூரில் அது வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "இதற்குப் புதுத் தொட்டியே வாங்கிவிடலாமே அம்மா" என்றார். அவர் வியாபாரம், சொல்லிவிட்டுப் போகட்டும்.

மன்னிக்க முடியாதது எதிர்வீட்டு மாமியைத்தான். டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "செத்தாலும் கவலைப்படாதே, உங்கள் வீட்டுக்கு வந்த திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்" என்கிறார். மீன் சாவது திருஷ்டியால் இல்லை மாமி, அம்மோனியாவால். ஊர் முழுக்க மீன் தொட்டிகளில் நடக்கும் கொலைகளுக்கெல்லாம் திருஷ்டி என்று பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

மீன்கள் பிழைத்துவிட்டன. தீனி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. வெட்கம் கெட்டவை.

இனிமேல்தான் கேளுங்கள். அந்த மனிதர் அனுப்பிய பில்லில் "மாடி ஏறியதற்கு" என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. கோபம் வந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது; எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகி எந்தக் காலமோ ஆகிவிட்டது. உதிரிப்பாகம் வரவேண்டுமாம். எங்கிருந்து வருகிறது, சந்திரனிலிருந்தா? ஆனால் பராமரிப்புக் கட்டணத்தில் "லிஃப்ட்" என்ற வரி மட்டும் ஒரு மாதம்கூடப் பழுதாவதில்லை. கூட்டத்தில் கேட்டால், படி ஏறுவது முழங்காலுக்கு நல்லது என்கிறார் செயலாளர்.

அவர் வீடு தரைத்தளத்தில்.