ஆஸ்திரியக் காட்டுப் பாதை பற்றி ஒரு திருத்தம்

ஆரோவில் செம்மண் பாதைகளில் ஓட்டும் நம் பாண்டி நண்பர்கள் சிலர் ஆல்ப்ஸ் போகத் திட்டமிடுவது மகிழ்ச்சி. ஆனால் "ஆஸ்திரியாவில் நடக்க அனுமதியுள்ள எந்தக் காட்டுப் பாதையிலும் கிராவல் சைக்கிள் (சரளைச் சாலைக்கான சைக்கிள்) ஓட்டலாம்" என்று இந்த உரையாடலில் மேலே பலர் சொல்லியிருப்பது சரியல்ல.

அந்நாட்டின் 1975-ஆம் ஆண்டு வனச் சட்டம், 33-ஆவது பிரிவு, காட்டில் நடந்து உலாவும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. ஆனால் சைக்கிள் உட்பட எதை ஓட்டவும் காட்டின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். வனச்சாலை என்றால் அதைப் பராமரிப்பவரின் சம்மதம் போதும். நாம் தேடிப்போகும் ஆளில்லாத சரளைச் சாலைகளில் பல இந்த வனச்சாலைகள்தான், அதனால்தான் சொல்கிறேன்.

ஆஸ்திரிய அரசின் 'ரிஸ்' சட்டத் தளத்தில் அந்தப் பிரிவின் 3-ஆம் உட்பிரிவை யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஜெர்மனில் இருக்கும், பிரவுசரிலேயே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஆஸ்திரியாவின் திரோல் மாநிலப் பக்கம் போகிறவர்கள், அனுமதித்த பாதைகளுக்கு வைத்திருக்கும் சைக்கிள் பலகையையும் பாருங்கள்.