படுத்திருப்பவரை யார் கேட்டார்கள்?

கருணைக் கொலை என்று பேச்சு வந்தாலே, "உயிரைக் கொடுத்தவன் எடுத்துக்குவான், நாம யாரு?" என்று ஒரு கட்சி. "கிடந்து சீரழியணுமா?" என்று எதிர்க்கட்சி. படுத்திருக்கிறவர் வாயைத் திறக்க இரண்டு பேருமே விடுவதில்லை.

மதங்கள் ஒரே குரலில் எதிர்க்கின்றன என்பதும் பாதிதான் உண்மை. கொல்வதைப் பாவம் என்னும் கத்தோலிக்கத் திருச்சபையிலேயே, தேறாத நோயாளிக்கு அளவுமீறிய சிகிச்சையைத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற கடமை கிடையாது என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957இல் சொல்லிவிட்டார். சமணத்தில் சல்லேகனை உண்டு, சாகும்வரை உண்ணாநோன்பு. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றுப் பாறையில் இன்றும் படிக்கலாம். இதே நோன்பைத் தற்கொலை என்றது ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், 2015 ஆகஸ்டில். மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதை நமக்குத் தெரியும். சரியோ தப்போ, இவர்கள் தாங்களே எடுத்த முடிவு.

தலைக்கூத்தல் அப்படியா? விருதுநகர்ப் பக்கம் படுக்கையில் விழுந்த பெரியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுப்பார்கள். காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் கதை முடியும். சொந்தபந்தம் முன்கூட்டியே வந்து முகம் பார்த்துவிட்டுப் போகும். 2010இல், வீட்டில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து ஒரு முதியவர் தப்பி ஓடிய பிறகுதான் வெளியுலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. ஓடத் தெம்பில்லாதவர்கள் என்ன ஆனார்கள்? 'வழக்கம்' என்று சொல்லி இதை மூடி மறைப்பவர்களோடு எனக்கு வாதமே கிடையாது. அது கொலை.

ஐசியூ வாசலில் நடப்பது இதற்கு ரொம்பத் தூரமில்லை. "என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று டாக்டர் மகனைக் கேட்பார். மகன் பில்லைப் பார்ப்பான், மருமகனைப் பார்ப்பான். அவனைக் குற்றம் சொல்லவில்லை. அப்பாவுக்கு என்ன விருப்பம் என்று அவனுக்குத் தெரியாது. அவரும் சொல்லி வைக்கவில்லை.

சொல்லி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம்தான். ஆனால் தேற வழியில்லாத நிலை வந்தால் செயற்கைச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி, போதும். அரைக் கிரவுண்டு நிலத்துக்கு உயில் எழுதுகிற வீட்டில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா..." என்று அம்மா அதட்டுவார்.

உயிர் புனிதம் என்பவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். புற்றுநோய் வலியில் "என்னைக் கொன்னுடுங்க" என்று கதறுகிறவர்களில் பலர் கேட்பது வலி நிற்கத்தானே? 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், அந்த வலியை அடக்கும் மார்ஃபினை வாங்கி வைக்கவே மருத்துவமனைகள் பயந்தன. 2014இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்காக எந்த மடமாவது, சபையாவது, ஜமாத்தாவது தெருவில் இறங்கியதாக நான் பார்த்ததில்லை.

என் தாளை எழுதிக்கொண்டிருக்கிறேன். வென்டிலேட்டர் வேண்டாம், அதில் குழப்பமில்லை. மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு வேண்டுமா என்ற இடத்தில் மட்டும் பேனா நிற்கிறது.