சின்ன அறைக்கு 8 அங்குல ஸ்பீக்கர் வேண்டாம்
வீட்டில் இசைப்பதிவு புதிதாகத் தொடங்குபவரும் 8 அங்குல மானிட்டரே (ஒலிப்பதிவைச் சரிபார்க்கும் ஸ்பீக்கர்) வாங்க வேண்டும், அப்போதுதான் பேஸ் (தாழ்ந்த ஒலி) சரியாகக் கேட்கும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பல வீடுகளில் அறை பத்துக்குப் பத்துதான். 10 அடி இடைவெளியுள்ள சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள பேஸ் ஒலி தேங்கி நிற்கும். ஓரிடத்தில் பேஸ் குமுறும், இரண்டடி நகர்ந்தால் காணாமல் போகும். பெரிய ஸ்பீக்கர் அதைக் கூட்டத்தான் செய்யும். ஜேபிஎல் 305பி மாதிரி 5 அங்குல ஜோடியே தாராளம், சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். எதிரொலி குறைய சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொன்ன நண்பருக்கு: அது பேஸைத் தொடாது, மூலைகளில் தடிமனான ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல் இழைப் பலகை) வையுங்கள். ஐப்பசி மழை எங்கள் தகரக் கூரையில் கொட்டும்போது எந்த மானிட்டரும் உதவாது. அதற்காகவே, சின்ன ஸ்பீக்கர் வாங்கி மிச்சமாகும் பணத்தில் காதை முழுசாக மூடும் ஹெட்போன் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.