பாட்டியை இடித்துத் தள்ளிய வண்டி

1969ல் மேக்ஸ் ரோமியோ என்ற ஜமைக்கா பாடகரின் பாட்டு ஒன்றை ஒலிபரப்ப மாட்டோம் என்று பிபிசி சொல்லிவிட்டது. பாட்டின் தலைப்பே ‘வெட் ட்ரீம்’, அதாவது தூக்கத்தில் வரும் காமக் கனவு. என்னய்யா இது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்: வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அதைத்தான் பாடினேன். யார் நம்புவார்கள்? வானொலி கைவிட்ட பிறகும் அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 25 வாரம் இருந்தது, 10ஆம் இடம் வரை ஏறியது.

சுவாரசியமான கதைதான். ஆனால் இரட்டை அர்த்தப் பாட்டு என்ற வகையில் எனக்கு அது சுமாரான சரக்கு. கூரையைப் பாட்டு முடிந்த பிறகு மாட்டுகிறார். இன்னொரு கரீபியன் தீவான டிரினிடாடில் கார்னிவல் திருவிழாவுக்குப் பாடும் கிண்டல் பாட்டுக்குக் கலிப்சோ என்று பெயர். அந்தக் கலிப்சோக்காரர்கள் கூரையைப் பாட்டுக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். லார்ட் கிச்சனரின் ‘டாக்டர் கிச்’ (1963) கேட்டுப் பாருங்கள். அவர் டாக்டர், ஒரு பெண் ஊசி போட்டுக்கொள்ள வருகிறாள், ஊசியின் அளவைப் பார்த்து அலறுகிறாள். மொத்தப் பாட்டும் இதுதான். சிரிஞ்சு, வலி, பயம் தவிர ஒரு சொல் கூடத் தவறாகக் கிடையாது. தவறாக நினைத்தால் அது நம் தலைக்குள் நடப்பது. மேற்பரப்புக் கதை ஓட்டை இல்லாமல் நிற்க வேண்டும், இது இந்தக் கலையின் முதல் விதி.

இந்தத் திறமை சும்மா வந்ததில்லை. டிரினிடாடின் காலனி ஆட்சி 1884ல் மேளத்தைத் தடுத்தது, ஜனங்கள் மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1934ல் கலிப்சோ பாடும் கொட்டகைகளுக்கு ஆபாசப் பாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது, பாட்டு வரிகள் மேல் போலீஸ் கண் விழுந்தது. நேராகச் சொன்னால் வம்பு, சொல்லாவிட்டால் கொட்டகை காலி. அதற்காகத் தடைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதில்லை. 2009ல் ஜமைக்காவின் ஒலிபரப்பு ஆணையம் ‘டேகரிங்’ பாட்டுகளை, அதாவது உடலுறவை நடித்துக் காட்டும் ஆட்டத்துக்கான பாட்டுகளைத் தடுத்ததே, அதனால் யாருக்கும் புத்திசாலித்தனம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் அடுப்படியிலிருந்துதான். ‘சால்ட்ஃபிஷ்’ என்பது உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன், நம் கணக்கில் கருவாடு. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவான தீனியாக வட அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அடிமைமுறை ஒழிந்த பிறகும் கருவாடு போகவில்லை, நாட்டு உணவாகவே ஆகிவிட்டது. பேச்சு வழக்கில் அதற்குப் பெண்ணின் அந்தரங்க உறுப்பு என்றும் பொருள். கலிப்சோ பாடகர் மைட்டி ஸ்பேரோ 1976ல் அதன் ருசியைப் புகழ்ந்து ஒரு முழுப் பாட்டே பாடினார். சமையல் குறிப்பு என்று சத்தியம் செய்யலாம். அப்புறம் ‘வைன்’. கலிப்சோவிலிருந்து பிறந்த துள்ளாட்ட இசையான சோகாவின் பாட்டில் இது வந்தால் நம்மாட்கள் ஒயின் பாட்டில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது இடுப்பைச் சுழற்றி ஆடுவது.

சரி, நான் எழுத வந்த விஷயம் வேறு. ஸ்பேரோவும் கிச்சனரும் இப்படியெல்லாம் பாடி அரசர், பிரபு என்று பட்டத்தோடு வலம் வந்தார்கள். ஒரு பெண் அதே வேலையைச் செய்தால்? கலிப்சோ ரோஸ் 1966ல் தன் வயரில் தீப்பிடித்துவிட்டது என்று பாடினார். இன்றைக்கும் கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு கச்சிதம். கார்னிவல் கலிப்சோ போட்டியில் தரும் பட்டத்தின் பெயரோ ‘கலிப்சோ கிங்’. 1978ல் அவர் ஜெயித்த பிறகுதான் அது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் ‘மோனார்க்’ ஆனது. இதில் வேடிக்கை, 19ஆம் நூற்றாண்டுக் கார்னிவலில் ஆபாசமாகப் பாடுகிறார்கள் என்று கனவான்கள் முகம் சுளித்ததில் பாதி போர்ட் ஆஃப் ஸ்பெயின் சேரிப் பெண்களைப் பார்த்துத்தான்.

ட்ருபதீ ராம்குனாய் பட்டது இன்னும் மோசம். டிரினிடாடின் இந்திய வம்சாவளிப் பாடகி. அங்குள்ள இந்தியர்களின் ஆட்டப் பாட்டுக்குச் சட்னி என்று பெயர். அதைச் சோகாவோடு கலந்த ‘சட்னி சோகா’ என்ற பெயரே 1987ல் அவர் பாட்டின் வழியாகத்தான் பரவியது. பிறகு வந்த ஒரு பாட்டில் கவனமில்லாத டிரைவர் ஒருவன் அவருடைய நானியை இடித்துத் தள்ளிவிடுகிறான். நானி என்றால் இந்தியில் அம்மாவின் அம்மா. கரீபியன் கொச்சையில் ‘புனானி’ என்று ஒன்று உண்டு, அதன் பொருளை மேலே கருவாட்டுப் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். இடித்தது என்பதற்கு அவர்கள் போடும் சொல்லுக்கு நக்குவது என்றும் பொருள். ஒரு சாலை விபத்துக்குள் இவ்வளவையும் அடைத்தது எனக்குச் சாதனையாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தியப் பெண் கலாசாரத்தைக் கெடுத்துவிட்டாள், கார்னிவல் மேடையில் என்ன வேலை என்று பத்திரிகை வரைக்கும் வசை.

எந்தக் கலாசாரம்? 1845லிருந்து கூலி ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து டிரினிடாடுக்குப் போனவர்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களும் உண்டு என்றாலும் பெரும்பாலோர் போஜ்புரி பேசியவர்கள். அவர்களோடு போனது ‘மட்டிகோர்’. கல்யாணத்துக்கு முன் ஓர் இரவு, பெண்கள் மட்டும் கூடி, மண் எடுத்து, தாசா மேளம் முழங்க ஆடிப் பாடும் சடங்கு. மணப்பெண்ணுக்கு முதலிரவுப் பாடம் அங்கேதான். பாட்டி, அத்தை, சித்தி எல்லோரும் பச்சையாகப் பாடுவார்கள், இடுப்பை ஆட்டிக் காட்டவும் செய்வார்கள். சட்னி இசைக்கு வேர்களில் ஒன்று அந்த ராத்திரிப் பாட்டு. ட்ருபதீ அதை வெளியிலிருந்து இரவல் வாங்கவில்லை. ஆண்கள் காதில் விழும்படி மைக்கில் பாடினார், அதுதான் குற்றம்.

1996ல் சட்னி சோகாவுக்கென்றே தனி மோனார்க் போட்டி தொடங்கியது. அந்த மேடையில் ஆண்கள் வரிசையாக வந்து ரம்மின் புகழ் பாடுகிறார்கள். குடியை வளர்க்கிறார்கள் என்று அதற்கும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் பாடிய ஆணின் வளர்ப்பு சரியில்லை என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.