உசுமாகி: சிக்கல் முடிவில் இல்லை

சுழல் வடிவம் ஓர் ஊரையே பிடித்தாட்டும் ஜப்பானியத் திகில் காமிக்ஸ், ஜுன்ஜி இட்டோவின் 'உசுமாகி', கடைசி அத்தியாயத்தில் சொதப்பிவிட்டது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்கு அடியில் கிடக்கும் அந்தச் சுழல் நகரத்தை யார் கட்டினார்கள், எதற்கு என்று விளக்காமல் விட்டதுதான் சரி. விளக்கியிருந்தால் சாதாரணப் பேய்க்கதை ஆகியிருக்கும்.

சிக்கல் நடுவில்தான். 1998-99இல் வார இதழில் தொடராக வந்த கதை, அதனால் பல அத்தியாயங்கள் தனித்தனியாகவே நிற்கின்றன. கூடப் படிக்கிற பையன் நத்தையாக மாறிப் பள்ளிச் சுவரில் ஊர்கிறான்; அப்புறமும் கதாநாயகி கிரியே ஒன்றுமே நடக்காதது போல வகுப்புக்குப் போகிறாள்! ஊரை விட்டே போய்விடலாம் என்று அவளுடைய காதலன் ஷூயிச்சி முதலிலிருந்தே கெஞ்சுகிறான், அவள் கேட்டால்தானே.

ஆனால் ஷூயிச்சியின் அம்மா வருகிற பகுதிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். கணவன் மரப்பீப்பாய்க்குள் சுருண்டு செத்ததைப் பார்த்தபின் சுழல் என்றாலே அவளுக்கு நடுக்கம். விரல் நுனியில் ரேகை சுழல்கிறதே என்று தோலை வெட்டி எறிகிறாள். சரி, காதுக்குள்ளேயும் ஒரு சுருள் இருக்கிறதே? அம்மாவுக்கு அது தெரிந்துவிடக் கூடாதே என்று மகன் தவிக்கும் பக்கங்களை, காதைத் தடவிக்கொண்டே படித்தேன்.